பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் பெட்டிகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையில் என் வீட்டுப் பின்விறாந்தையில் எப்போது பார்த்தாலும் நாலைந்து ஸ்பீக்கர் பெட்டிகள் வயிறு திறந்தபடி கிடக்கும். எனக்கு இது தொழில் இல்லை. ஆனாலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆக்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வர முடியாதவர்கள் படம் அனுப்பிக் கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்த செட் ஒன்று வீட்டில் கிடக்கிறது. ஸ்பீக்கரைத் திருத்தலாமா, எறியலாமா அண்ணா?

எறிய வேண்டாம். முதலில் தூக்கிப் பாருங்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு, நம்மவர்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஸ்டீரியோ செட்டுகள் தாராளமாக வந்தன. அவற்றில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தனியாக வாங்கிய ஸ்பீக்கர்: பாரம் கூட, விரல் மடக்கித் தட்டினால் 'டக்' என்று இறுகிய சத்தம் வரும், பின்பலகையும் முன்பலகை அளவுக்குத் தடிப்பு. மற்றது, செட்டோடு சேர்ந்து வந்த பெட்டி: வெளியே வெள்ளி வளையம் போட்டு மூன்று ஸ்பீக்கர் மாதிரித் தெரியும், பின்னால் மெல்லிய ஹார்ட்போர்ட் அடித்திருக்கும். திறந்து பார்த்தால் மூன்றில் ஒன்றுக்கு வயரே இருக்காது. சும்மா அழகுக்கு வைத்தது! இரண்டாவது சாதிக்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். வயரைச் சரிபண்ணிப் பாட்டுக் கேளுங்கள், போதும்.

நல்ல பெட்டி என்றால் அடுத்தது மல்டிமீட்டர். 8 ஓம் என்று எழுதியிருக்கும் வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கொயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், மீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும்; 4 ஓம் என்றால் 3 அல்லது 3.5. 8 காட்டவில்லையே என்று பயந்து வருபவர்கள் இருக்கிறார்கள், அது பழுது இல்லை. மீட்டர் அசையவே இல்லை என்றால்தான் எங்கேயோ அறுந்திருக்கிறது. அப்போதும் கொயில் கருகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த ஊரில் கூடுதலாக அறுவது கொயிலில் இருந்து வெளியே வரும் பின்னல் வயர்.

1.5 வோல்ட் பற்றறியை வூஃபரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டொக்' என்று கோன் (வெளியே தெரியும் கூம்பு) முன்னால் வந்தால் பற்றறியின் பிளஸ் பக்கம்தான் ஸ்பீக்கரின் பிளஸ். பழைய ஜே.பி.எல். கம்பனி ஸ்பீக்கர் மட்டும் இதற்கு மாறு: சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். கழற்றிய வயரைத் திரும்பப் பூட்டும்போது இதை மறந்தால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போய்விடும்.

வூஃபர் ஓரத்து ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. நாங்கள் அதிகம் பாவிக்கவே இல்லையே?

பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது உதிரும். அந்த ஃபோம் பொலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அதன் இரசாயனக் கட்டை மெல்ல மெல்ல உடைக்கும். வெயில் பட்டால் இன்னும் கெதி. குளிர் நாட்டில் 15, 20 வருடம் நிற்பது நம்முடைய புழுக்கத்தில் அதற்கு முன்பே மாவாகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு தூளாகும்.

எல்லா ஸ்பீக்கருக்கும் இந்த நோய் இல்லை. ரப்பர் ஓரம் பல பத்து வருடம் நிற்கும். எழுபதுகளின் ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் மடிப்பு மடிப்பாக மருந்து தடவிய துணி ஓரம் இருக்கும், அது கிட்டத்தட்டச் சாகாது. செலஸ்ஷன் டிட்டன் 15 மாதிரி ரப்பர் ஓரம் உள்ள ஆங்கிலேயப் பெட்டி கையில் கிடைத்தால், ஓரத்தைத் தொடாமல் தூசியை மட்டும் தட்டிவிட்டுக் கேளுங்கள். நன்றாக இருப்பதைப் 'புதுசாக்கி'க் கெடுத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

ஃபோம் மாற்றுவதை நானே செய்யலாமா?

செய்யலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரமும் பொறுமையும் வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தெரிந்து செய்கிற வேலைதான் திரும்ப என்னிடம் வருகிறது.

வூஃபரைக் கழற்றும்போது கோனுக்கு மேல் ஒரு தடித்த மட்டையை வையுங்கள். நான் முதன்முதலில் கழற்றிய 10 அங்குல வூஃபரில் இதைச் செய்யவில்லை. கடைசி ஆணி கழன்றது, காந்தம் ஸ்குரூ டிரைவரை இழுத்தது, நுனி கடதாசிக் கோனைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. தேயிலைப் பை மெல்லிய தாளையும் வெள்ளைப் பசையையும் வைத்து ஒட்டினேன். இப்போதும் அது பாடுகிறது. ஆனால் முகப்புத் துணியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தழும்பு என்னைப் பார்க்கும்.

புது ஃபோம் வாங்க முன் நான்கு அளவு எடுக்க வேண்டும்: சட்டத்தில் ஒட்டும் இடத்தின் வெளி விட்டம், வளைவின் வெளி விளிம்பு, வளைவின் உள் விளிம்பு, கோனின் விட்டம். '10 அங்குல ஃபோம்' என்று மட்டும் சொல்லி ஒன்லைனில் வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். வந்தது கோனைவிட 6 மில்லிமீற்றர் சிறிது. கோன் விளிம்பில் ஃபோம் தட்டையாக ஒட்டுகிறதா, சரிவாக ஒட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கோனின் மேலா கீழா என்பதும் முக்கியம்.

பழைய ஃபோமைச் சுரண்டுவதுதான் வேலையில் முக்கால்வாசி. சட்டத்தில் இருப்பதை மழுங்கிய கத்தியால் எடுக்கலாம். கோன் விளிம்பில் இருப்பதைக் கத்தியால் தொடவே கூடாது. ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒரு விரற்கடை தூரம் ஈரமாக்கி, இரண்டு நிமிடம் விட்டு, பெருவிரலால் உருட்டுங்கள். கறுப்புப் பிசின் சின்னச் சின்ன எலிப்புழுக்கை மாதிரி உருண்டு வரும். பிறகு அடுத்த விரற்கடை. இப்படியே வட்டம் முழுவதும். அவசரப்பட்டு முழுவதையும் நனைத்தால் கோன் ஊறிவிடும்.

ஒட்டும்போது முதலில் கோனில் ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, அடுத்த நாள் சட்டத்தில் ஒட்டுங்கள். இந்த இரண்டாவது ஒட்டுத்தான் ஆபத்தானது. கொயில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவுதான். கோன் ஒரு பக்கம் சாய்ந்து காய்ந்தால் உரசும். நடு மூடியை வெட்டி, கொயிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி நடுவாக்குவது ஒரு முறை. நான் செய்வது மற்றது: போனில் 20 முதல் 30 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றைப் போட்டு, அம்பிளிபயரை மிகக் குறைவாக வைத்து, கோன் மெல்ல மூச்சு விடுகிற மாதிரி ஆடும்போது பசை ஈரமாக இருக்கையிலேயே ஓரத்தை விரலால் நகர்த்திப் பார்ப்பேன். உரசினால் 'கிர்ர்' என்று கேட்கும். சத்தம் போன இடத்தில் நிறுத்திச் சுற்றிவர அழுத்திவிட வேண்டும். காயும் வரைக்கும் பாட்டு இல்லை.

பசை விடயத்தில் ஒரு எச்சரிக்கை: சில நொடியில் இறுகும் சுப்பர் பசை வேண்டாம். நகர்த்துவதற்கு நேரம் கிடைக்காது.

ஃபோம் நல்லது, ஆனாலும் கோன் உரசுகிறது. ஏன்?

மூன்று காரணம். ஒன்று, 40 வருடம் ஒரே நிலையில் நின்றதில் உள்ளே கோனைத் தாங்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணி தொய்ந்து கோன் கீழே இறங்கியிருக்கும். வூஃபரை 180 பாகை திருப்பிப் பூட்டுங்கள். செலவே இல்லாத வைத்தியம், பாதி நேரம் வேலை செய்யும். இரண்டு, பெட்டி கீழே விழுந்ததில் காந்தம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். அதைச் சரிபண்ண ஆள் வேண்டும், வீட்டில் முயற்சிக்க வேண்டாம். மூன்றாவது நம் ஊர் நோய்: கொயில் இடைவெளிக்குள் துரு. நடு மூடியைத் திறந்து, ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் வெளியே வர மடித்து, இடைவெளிக்குள் விட்டு எடுத்தால் பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். நாடா சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். ஊதாதீர்கள், இரும்புத் தூள் காந்தத்தை விட்டு எங்கே போகும்?

டச்சுக் குடாவில் கடலுக்கு நேரே வீடு. ஸ்பீக்கரை எப்படிக் காப்பாற்றுவது?

கடல் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காமல் இருப்பதுதான் பாதிக் காப்பு. உப்புக் காற்று கோனைவிடச் செம்பைத்தான் முதலில் தின்னும். பின்னல் வயரை நகத்தால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்: பச்சைத் தூள் கண்டால் ஈயம் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். சாதாரண வயரைப் போடாதீர்கள், ஆடி ஆடி அறுந்துவிடும். செத்த வூஃபர் ஒன்றில் இருந்து பின்னல் வயரை எடுத்துப் போடலாம். அதற்காகவே நான் செத்த வூஃபர்களை எறிவதில்லை. இதனால் வீட்டில் எனக்குப் பேச்சு விழுவது வேறு கதை.

பின்னால் வயர் பூட்டும் முனைகளை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, வயரைப் பூட்டி, மேலே துளி வாசலின் தடவுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வாடைக் காற்றுக்கு முன்னர் செய்தால் போதும். மழைக் காலத்தில் பொலித்தீனால் மூடி வைக்கிறார்கள். அது உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி நல்லது. அதைவிட நல்லது, தினமும் அரை மணி நேரம் பாட்டுப் போடுவது.

2004 சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய பெட்டிகள் மாமா வீட்டில் கட்டி வைத்தபடி இருக்கின்றன. திருத்தலாமா?

அப்படித் தண்ணீர் ஏறியவற்றில் நான் திறந்து பார்த்தவை இரண்டு சோடி. இரண்டிலும் வூஃபர் காந்த இடைவெளி துருவால் அடைந்து, கொயில் கல்லாக நின்றது. பார்ட்டிக்கிள் போர்ட் தண்ணீர் குடித்து இரண்டு மடங்காக ஊதியிருந்தது. ஒன்றில் ட்வீட்டர், அதாவது மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், மேலே இருந்ததால் தண்ணீர் எட்டாமல் பிழைத்தது, அதைக் கழற்றி வைத்திருக்கிறேன். பெட்டியை வைத்திருப்பது வேறு காரணத்துக்காக என்றால், துடைத்துவிட்டு அப்படியே வையுங்கள்.

கிராஸ்ஓவரில் இருக்கும் கண்டென்சர்களை எல்லாம் மாற்ற வேண்டுமாம், உண்மையா?

எல்லாவற்றையும் அல்ல. கிராஸ்ஓவர் என்பது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. அதில் இரண்டு வகைக் கண்டென்சர் இருக்கும். பிளாஸ்டிக் ஃபில்ம் வகை அநேகமாகக் கெடாது. முனைப் பேதம் இல்லாத எலக்ட்ரோலிட்டிக் வகைதான் வயது போகப் போக அளவு மாறும், உள் தடையும் ஏறும். ட்வீட்டர் மங்கிய மாதிரிக் கேட்கும். ஒரு காலைக் கழற்றி மீட்டரில் அளந்து பாருங்கள். எழுதிய அளவுக்குப் பத்து வீதத்துக்குள் நின்றால் நான் விட்டுவிடுவேன். மாற்றுவதானால் இடது வலது இரண்டிலும் ஒன்றாக மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கைக் கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள், கடையில் அதைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள்.

பழையதை எடுத்துவிட்டு விலை கூடிய ஃபில்ம் போட்டவர்கள் சிலர் 'கூர்மையாகிவிட்டது, காது குத்துகிறது' என்று வருவதுண்டு. ஃபில்மின் உள் தடை மிகக் குறைவு, அதனால் ட்வீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போகும். தொடரில் அரை ஓம் தொடங்கி ஒரு ஓம் வரை தடை ஒன்று போட்டால் பழைய குரல் திரும்பும்.

இன்னொன்று. பின்னால் ட்வீட்டரைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், கண்டென்சரைக் குறை சொல்ல முன் அதைத் திருகிப் பாருங்கள். ஏ.ஆர். என்ற அமெரிக்கக் கம்பனியின் பெட்டிகளில் இந்தத் திருகு உள்ளே பச்சை பிடித்து ட்வீட்டரையே நிறுத்திவிடுவது உலகறிந்த வியாதி. ட்வீட்டர் செத்துவிட்டது என்று என்னிடம் வந்த ஒரு சோடி, திருகை இருபது தடவை அங்குமிங்கும் சுழற்றியதும் பாடத் தொடங்கியது.

ஏ.ஆர்., வார்ஃப்டேல், சான்சுய், ஜே.பி.எல்., யமஹா: எது நல்லது?

'நல்லது' என்பதைவிட, எது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால் விளங்கும். எட்கர் வில்ச்சர் 1954இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஆர்., காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரிப் பாவித்தது. அதனால் 1967இல் வந்த ஏ.ஆர்.3ஏ தன் உருவத்துக்கு மீறி ஆழம் போகும், ஆனால் பலமான அம்பிளிபயர் கேட்கும். இந்த வகைப் பெட்டியில் காற்று ஒழுகினால் எல்லாம் போச்சு. கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமுக்கி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம், சட்டென்று வந்தால் எங்கேயோ ஓட்டை.

ஜே.பி.எல். எல்100 (1970) ஒலிப்பதிவுக் கூடத்து மொனிட்டர் ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தது. குறைந்த வலுவிலேயே உரக்கப் பாடும், தவில் அடி நெஞ்சில் விழும். சான்சுயின் மரச் சட்டகப் பின்னல் முகப்பைக் கண்டாலே வாங்கத் தோன்றும். நடுக்குரல் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், எங்கள் பழைய சினிமாப் பாட்டுக்கு அது ஒரு சுகம். யமஹா என்.எஸ்.-10எம் 1978இல் வீட்டுக்கென்று வந்து, கடைசியில் உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் போய் உட்கார்ந்தது. பாஸ் குறைவு, பதிவில் உள்ள பிழையைக் காட்டிக்கொடுக்கும். களைத்து வந்து பாட்டுக் கேட்க நான் அதைப் போடமாட்டேன். அதே யமஹாவின் என்.எஸ்.-1000எம் கையில் பட்டால் நடு, மேல் ஒலிக்கான டோம்களை (குமிழ் வடிவத் தகடுகளை) தொட வேண்டாம். அவை பெரிலியம், உடைந்த தூள் மூச்சில் போனால் நஞ்சு.

யோர்க்ஷயரில் கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் தொடங்கியது வார்ஃப்டேல். என் வீட்டு முன்னறையில் நிற்பது அதன் லின்டன். மனிதக் குரலில் பொய் சொல்லாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஆகவே என் தீர்ப்பில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சோடியை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே இல்லை. ஒரு டெசிபல் கூடப் பாடினாலும் காது அதை 'சத்தம் கூட' என்று சொல்லாது, 'நல்லது' என்று சொல்லும்.

ஒரு நாள் லின்டனையும் ஒரு நண்பரின் சான்சுயையும் பக்கத்தில் வைத்துப் போட்டோம். அம்பிளிபயரில் ஏ, பி என்று மாற்றும் பொத்தான் இருந்தது. வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் சான்சுய் என்றார்கள். பிறகு போனில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, ஒரு மீற்றர் தூரத்தில் ஒரே இடத்தில் வைத்து, மழை இரைச்சல் மாதிரி வரும் பிங்க் நொய்ஸை விட்டுப் பார்த்தால், சான்சுய் நான்கு டெசிபல் கூட. போன் மீட்டரின் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை நம்பலாம். சான்சுய் பாடும்போது வொலியூமை அந்த அளவு இறக்கித் திரும்பக் கேட்டோம். மூன்றுக்கு இரண்டு. அதிலும் அம்மா பாட்டுக்குச் சான்சுய் என்றும் செய்திக்கு லின்டன் என்றும் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். என்னைக் கேட்டால் அன்றைக்குச் சரியாகச் சொன்னது அவர்தான்.

ஏ, பி இரண்டையும் ஒன்றாக அமுக்காதீர்கள். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் பல அம்பிளிபயர்களுக்கு 4 ஓம் ஆகிவிடும், சூடேறும்.

இடமும் முக்கியம். ஒன்றை மூலையிலும் ஒன்றை நடுவிலும் வைத்தால் மூலையில் இருப்பதற்குப் பாஸ் கூடும், அது ஸ்பீக்கரின் கெட்டித்தனம் இல்லை. நம் வீடுகளில் சீமெந்துத் தரை, வெறும் சுவர், கண்ணாடி அலுமாரி. அறை நடுவில் ஒரு தடவை கைதட்டுங்கள்: 'டிங்' என்று வால் நீண்டால் ஒரு பாய் விரித்து, யன்னலுக்குத் தடித்த திரை போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

கேட்பதற்கு என்ன போடலாம்? வீட்டில் ஒருவர் பேசுவதைப் போனில் வெளியே வெட்டவெளியில் பதிவு செய்து போடுங்கள். தினமும் கேட்கும் குரல் ஆதலால் பிழை உடனே பிடிபடும்; பி.பி.சி. பொறியியலாளர்களும் தங்கள் ஸ்பீக்கர்களைப் பேச்சுக் குரலை வைத்துச் சோதித்தார்கள். பிறகு தவில்: வலந்தலையில் விரல் கூடு படும் 'ணங்'கும் தொப்பியில் கம்பு விழும் 'தொம்'மும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாதஸ்வரம் உச்சிக்குப் போகும்போது காது சுளித்தால் ட்வீட்டரைச் சந்தேகப்படலாம்.

சின்ன அம்பிளிபயர்தான், ஆனாலும் ட்வீட்டர் கருகிவிட்டது. எப்படி?

சின்னதானபடியால்தான். வலுவுக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலையில் மேல் சுருதிகள் பெருகி ட்வீட்டரில் போய் எரியும். சத்தம் 3 டெசிபல் ஏற இரண்டு மடங்கு வலு வேண்டும். வொலியூம் கட்டை முக்கால் தாண்டினால் இறக்குங்கள். கல்யாண வீட்டுக்கு வீட்டு ஸ்பீக்கரை இரவல் கொடுக்கவே வேண்டாம். மைத்துனர் கேட்டாலும்.

பெட்டி மரத்துக்கு என்ன செய்வது?

நேரே தரையில் வைக்காதீர்கள், கறையான் ஏறும். பாஸ் துளை உள்ள பெட்டி என்றால் ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நிலாவெளியில் இருந்து வந்த ஒன்றில் குளவி மண்ணால் துளையை முழுவதுமாகப் பூசியிருந்தது, வீட்டுக்காரர் 'பாஸ் இல்லை' என்று வூஃபர் தேடிக்கொண்டிருந்தார். ஊதிய பலகை மூலைக்கு வெள்ளைப் பசையை உள்ளே இறக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் கவ்வி ஒரு நாள் விடலாம். உண்மையான மரத்தோல் என்றால் தேக்கு எண்ணெய் மெல்லிதாகப் பூசுங்கள். லின்சீட் எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

முகப்புத் துணி கிழிந்துவிட்டது, எந்தத் துணி போடலாம்?

வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சுத் தடையில்லாமல் போனால் அந்தத் துணி சரி.

விலை கூடிய ஸ்பீக்கர் வயர் வேண்டுமா?

வேண்டாம். ஹார்ட்வெயார் கடைச் செம்பு வயர், தடித்தது, போதும்.

ஒரு பெட்டிதான் மிஞ்சியது, சோடி காணாமல் போய்விட்டது. இனி அதால் பிரயோசனம் இல்லையே?

ஏன் இல்லை? ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே 1958 அளவில்தான். அதுவரை உலகம் ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்டது. அம்பிளிபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அமுக்கி ஒரு பக்கத்தில் மட்டும் பூட்டுங்கள். இடது வலது வெளியீட்டு வயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கக் கூடாது, அம்பிளிபயர் போய்விடும். நான் சொன்ன அந்தத் தழும்பு விழுந்த 10 அங்குலமும் சோடி இல்லாததுதான். குசினி யன்னல் பக்கம் ஒரு தட்டில் நிற்கிறது. காலைச் செய்தியும் அம்மாவின் பக்திப் பாடலும் அதில்தான்.